அறுந்த வலையின் படம்

யாழ்ப்பாண பஸ் இலுப்பைக்கடவையைத் தாண்டியபோது, எனக்கு முன் இருக்கையிலிருந்த கம்பஸ் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள்:

“நேற்று விவாதத்தில நான் இந்திய இழுவைப்படகுகளுக்காகக் கதைச்சனான்.”

“உன்ர அப்பான்ர வலையை அறுத்தவங்களுக்கோடி?”

“சீட்டு எடுக்கேக்க அந்தப் பக்கம்தான் விழுந்தது. அவங்கட வீட்டிலயும் உலை வைக்க வேணுமெண்டு கதைச்சனான்.”

“அழுகை வரேல்லையோ?”

“வந்தது. அழுதுகொண்டே கதைச்சு முடிச்சனான்.”

“எதிர்ப்பக்கம் ஆர்?”

“ஒரு மலைநாட்டுப் பிள்ளை. கடலைப் பற்றி ஒண்டும் தெரியாமல் முழிச்சவள். பாவமெண்டு அப்பான்ர அறுந்த வலையின்ர படத்தை முதல்நாளே அவளுக்கு அனுப்பினனான்.”

கேட்டவள் காதை அவள் பக்கம் சாய்த்தாள். பின்னால் நானும்தான்.

“கடைசியில ஆர் வெண்டது?”

“அவள்தான். அந்த வலையைக் கண்டாப் பிறகு நானே எனக்கு வோட்டுப் போடமாட்டன்.”