அண்ணனோட அடுத்த ஆல்பம்

முதல் ஆல்பம்தான் அண்ணனோட உச்சம்னு சொல்றவங்ககிட்ட நான் வாக்குவாதம் பண்றதில்ல சார். பாவம், அவங்க காது அவ்வளவுதான். ஆல்பம்னா ரெண்டாவதுதான். அதைக் கேட்டு பஸ்ஸுலயே விம்மி விம்மி அழுதிருக்கேன். பக்கத்துல இருந்தவர் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டார்.

அண்ணன்னா கூடப் பிறந்தவர் இல்ல. ரசிகருங்க நாங்க அந்தப் பாடகரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சம்சாரம் எங்களுக்கு அண்ணி. நான் லிஃப்ட் மெக்கானிக். அவங்க கட்டடத்து லிஃப்டும் என் பொறுப்புலதான் இருந்துச்சு. கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி அந்த ஏரியாவைக் கேட்டு வாங்கினேன்.

ரெண்டாவது ஆல்பம் எப்படி அப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்த வருஷம்தான் அண்ணி வயித்துல இருந்த குழந்தை தங்காமப் போச்சு. அதுல எனக்குச் சம்பந்தம் இல்ல, அதைக் குறிச்சுக்குங்க. ஆனா மூணாவது சப்புனு இருந்துச்சு. புது கார், ஊர் சுத்தல், அண்ணிக்கு ஒரு நாய்க்குட்டி. மனுஷன் சந்தோஷமா இருந்தா பாட்டு எங்கேருந்து வரும்? கச்சேரியில ஜனங்க கொட்டாவி விட்டதைக் கண்ணால பார்த்தேன். வயிறு எரிஞ்சுது.

அதனாலதான் நாய்க்கு பிஸ்கட் வெச்சேன். சாதுவான நாய், வாலை ஆட்டிக்கிட்டே என் கையிலேருந்து வாங்கித் தின்னுச்சு. அண்ணி சோறு தண்ணி இல்லாம கிடந்தாங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். அப்புறம் ஒரே ஒரு பாட்டு தனியா வெளியாச்சு. என்ன பாட்டு சார் அது. ரசிகர் மன்றத்துல "அண்ணன் திரும்பி வந்துட்டார்டா"ன்னு எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

ஆனா நாய்க்கு ஒரு பாட்டுதான் வரும். ஆல்பத்துக்குப் பத்தாது.

அப்பதான் புது டூர் போஸ்டர் வந்துச்சு. மஞ்சள் சட்டையில அண்ணன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறார். பின்னாடி டான்ஸ் ஆடறவங்க வேற. வரப்போற ஆல்பம் முழுக்கக் கொண்டாட்டப் பாட்டுங்களாம். மன்றத்துல மத்தவங்க புலம்பிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல.

அவங்க இருந்தது மேல் மாடி, அங்க அவங்க வீடு மட்டும்தான். அண்ணன் பாட்டுக்கு மூச்சுப் பயிற்சின்னு எப்பவும் படியிலதான் ஏறி இறங்குவார். லிஃப்ட் அண்ணிக்கு மட்டும்தான். இழுத்துத் திறக்கிற பழைய கதவு அது. லிஃப்ட் வந்து நிக்காம கதவு திறக்காதபடி ஒரு பூட்டு இருக்கும். அண்ணி ஒரு கையால கதவை இழுத்துக்கிட்டு, இன்னொரு கையால பைக்குள்ள துழாவிக்கிட்டே காலை உள்ள வெப்பாங்க. நான் பூட்டைக் கழட்டிட்டு, லிஃப்டைக் கீழ்த்தளத்துல நிறுத்தினேன். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. அன்னிக்குக் காலையில வாசல்ல என்னைப் பார்த்து, "தம்பி, லிஃப்ட் ரொம்பக் குலுங்குது, கொஞ்சம் பாருங்களேன்"னு சொன்னாங்க. "பார்த்துடறேன் அண்ணி"ன்னேன்.

சாவு வீட்டுல அண்ணன் அழுத அழுகையைப் பார்த்து நானும் கூடவே அழுதேன். அடுத்த ஆல்பம் ரெண்டாவதையே தூக்கிச் சாப்பிடப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்போ இந்த ஸ்டேஷன்ல வெச்சு நீங்க என்னமோ சொல்றீங்க. பாட்டு வரி, மெட்டு எல்லாமே ஆரம்பத்துலேருந்து அண்ணி போட்டதாம். அண்ணன் வாயைத் திறந்து பாடினதோட சரியாம். வெளிய தெரிய வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தாங்களாம். இனி பாட அவர்கிட்ட ஒண்ணுமே இல்லையாம்.

இதை எங்ககிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல சார். ரசிகனை இப்படியா ஏமாத்துவாங்க. தெரிஞ்சிருந்தா அண்ணி மேல ஒரு தூசு பட விட்டிருப்பேனா. படியிலேருந்து அண்ணனைத்தானே தள்ளியிருப்பேன்.