சிரிக்கிற பொம்மை, அழுகிற பொம்மை

1. கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன்.
2. முன் இருக்கையில் மீனவப் பெண்கள் இருவர் இருந்தார்கள். ஒரே வீட்டில் மூத்தவள் அண்ணன் மனைவி, இளையவள் தம்பி மனைவி.
3. ஆலப்பாக்கம் தாண்டியதும் இளையவள், "அழுவுற பொம்மையா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேங்க்கா," என்றாள்.

"அது என் வூட்டுக்காரரு கையில இருக்கறதுடி," என்றாள் மூத்தவள்.

"தெரியும்."

பேச்சிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கடலுக்குப் போன அண்ணனும் தம்பியும் திரும்பவில்லை. ஓர் உடல் கரை ஒதுங்கி, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. முகம் அடையாளம் தெரியவில்லை. கையில் பச்சை குத்திய பொம்மை முகம் மட்டும் தெரிகிறதாம்.

"சேதி சொன்ன தலையாரிகிட்ட, சிரிக்குதா அழுவுதான்னு கேட்டிருக்கலாமில்ல?" என்றாள் இளையவள்.

"எனக்கு வாய் வரல. நீ கேட்டியா?"

இளையவள், "டென்ட் கொட்டாயில பொம்மப் படம் பாத்துட்டு வந்துதான ரெண்டு பேரும் குத்திக்கிட்டாங்க. மூத்தவருக்கு அழுவுறதுதான் பொருத்தம்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா. கல்யாணத்தன்னிக்கே உம்முனு நின்ன ஆளு." சிரித்துவிட்ட மூத்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?"

"சிரிக்கிற பொம்மைன்னு."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் மற்றவர்கள் எல்லோரும் இறங்கினோம். "எறங்கும்மா, வண்டி திரும்பணும்," என்று கண்டக்டர் இரண்டாம் முறையாகச் சொன்னார். அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.