ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி

பேக்கரியில் கூட்டத்தோடு நின்று ரொட்டி கேட்க எனக்கு வராது. என் முறை வரும்போது பின்னால் நிற்பவரை முன்னே போகச் சொல்லிவிடுவேன். அப்படியே வரிசையில் இருந்த எல்லோரையும் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. அக்கா பக்கத்தில் இருக்கிறவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கடையில் கேட்பது, டாக்சிக்காரரிடம் வழி சொல்வது, வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சண்டை பிடிப்பது எல்லாம் அவள்தான். பல் டாக்டரிடம் எனக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று சொன்னதுகூட அவள்தான். சரியாகவே சொன்னாள்.

இன்றும் அவளைத்தான் கூட்டிவந்தேன். உள்ளே விட முடியாது, நீயே பேசு என்றுவிட்டீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பரவாயில்லை, கதவை மட்டும் சாத்திவிடுங்கள் மேடம். ஆரம்பித்துவிட்டால் நான் நன்றாகவே பேசுவேன் போலிருக்கிறது.

நான் வேதியியல் படித்தவள். உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. பிஸ்கட்டையோ கடலையையோ பொடித்து, ஓர் எஃகுக் கலனுக்குள் வைத்து எரித்து, எவ்வளவு வெப்பம் வந்தது என்று அளப்போம். அந்த வெப்பத்தைத்தான் கலோரி என்று பாக்கெட்டின் பின்னால் அச்சடிக்கிறார்கள். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே கட்டிய இடம் மாதிரி இருக்கும்.

சாப்பிடுவதையெல்லாம் குறித்து வைத்துக் கலோரியைக் கூட்டிச் சொல்லும் அந்தச் செயலியைப் பக்கத்து மேசைக்காரிதான் காட்டினாள், சிரிப்பதற்காக. அதிலுள்ள எண்களை உபயோகிக்கிறவர்களே போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போடலாம். ஒற்றைத் திராட்சைக்கு ஒருவர் ஒரு முழுச் சாப்பாட்டின் கலோரியைப் போட்டிருந்தார். இன்னொருவர் வெந்நீருக்குக் கலோரி போட்டிருந்தார். சூடாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார், பாவம். ‘மாமியார் வைத்த சூப்’ என்று ஒரு பதிவு. கலோரி பூஜ்யம். அதன் கீழே ஏகப்பட்ட பேர் ‘சரி’ என்று அமுக்கியிருந்தார்கள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தேன். வாயைத் திறக்காமல் உலகத்துக்கு உபகாரம் செய்ய இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘நம்பகமானவர்’ என்று வந்தது. அதற்கப்புறம் நான் போடும் எண்ணுக்கு உடனே பச்சை டிக் விழும். மற்றவர்களும் சரிபார்ப்பார்கள்தான். எப்படிச் சரிபார்ப்பார்கள் என்றால், பச்சை டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தீயணைப்புத் துறைக்குத் தேர்வானாள். ஓட்டம், கயிறு, ஏணி எல்லாவற்றிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடை மட்டும் குறைவு. “உடம்பைத் தேத்திட்டு வாம்மா, குழாயைத் திறந்தா தண்ணி உன்னையும் சேத்து அடிச்சிட்டுப் போயிடும்” என்று சொல்லி, அங்கிருந்த மருத்துவர் கோடை முடிகிறவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் எடை ஏறாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வயது வரம்பை அவள் தொட்டுவிட்டதால் மறுபடி எழுதவும் முடியாது. ஏறிவிட்டால் பயிற்சிக்கு வேறு ஊர். அப்புறம் எங்கே போடுகிறார்களோ அங்கே.

அக்கா என்னிடம்தான் வந்தாள். “ஏய் ஊமைக்கோட்டான், நீதான் படிச்சவ. கணக்கை நீ பாத்துக்கோ, வாயை நான் பாத்துக்குறேன்.”

அம்மாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. “பொறந்ததுலேருந்து ஊட்டிவிடுறேன். எங்கிட்ட ஏறாத உடம்பு இவ போன்ல ஏறப்போகுதாக்கும்” என்றாள்.

அக்காவுக்குச் சாப்பாடு ஒரு தண்டனை. ஓட்ஸ் கஞ்சி ஒன்றைத்தான் முகம் சுளிக்காமல் குடிப்பாள். அவள் போனில் அந்தச் செயலியைப் போட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி சேர வேண்டும் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கணக்கு சரியானது. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அவ்வளவு சேர்ந்ததும் திரை பச்சையாகிவிடும். அக்கா ஸ்பூனைப் போட்டுவிட்டு “இன்னிக்குப் பாஸ்” என்று எழுந்துவிடுவாள்.

முதல் வாரமே எடை ஏற ஆரம்பித்தது. அவள் சுவரில் தோளை இடித்துப் பார்த்துச் சிரித்தாள். அன்று மாலை பேக்கரிக்கு என்னைத் தனியாக அனுப்பினாள், “பழகிக்கோடி” என்று. நான் திரும்பி வரும்போது கையில் ரொட்டி இல்லை.

‘வீட்டு ஓட்ஸ் கஞ்சி, ஒரு கிண்ணம்’ என்ற பதிவை மறுநாள் திருத்தினேன். யாரோ போட்டது, பலர் உபயோகிப்பது. பொய்யான எண் எதையும் நான் போடவில்லை. இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். கிண்ணம் என்பது ஓர் அளவே அல்ல. முழுப் பாலில் காய்ச்சி, பாதாமை அரைத்துவிட்டு, வெண்ணெயை அள்ளிப் போட்டு, துணி அலசுகிற அளவு பெரிய கிண்ணம் நிறைய ஊற்றினால் நான் போட்ட எண் வரும். அப்படியொரு கிண்ணம் உலகத்தில் யார் வீட்டிலாவது இருக்கத்தான் செய்யும். நான் அந்த வீட்டை நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அக்காவின் திரை சீக்கிரமாகவே பச்சையாகிவிடும். எடை நின்றது. பிறகு இறங்கியது. வயிற்றில் பூச்சி என்றாள் அம்மா. அப்பாவுக்கு எடைக் கருவியின் மேல் சந்தேகம். அரிசிப் பையை ஏற்றிப் பார்த்தார், அது சரியாகவே காட்டியது. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ சொல்ற அளவு சாப்பிடுறேன்ல?”

“சாப்பிடுறக்கா.”

“அப்புறம் எங்கடி போகுது அதெல்லாம்?”

“சில உடம்பு அப்படித்தான்க்கா.”

என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் ஒருவருக்கு ஆறுதல் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது நன்றாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பையனின் அம்மா எழுதியது அதற்குப் பிறகு. பதிவுக்குக் கீழே கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு. பையனுக்கு நீண்ட காய்ச்சல் வந்து உடம்பு வற்றிவிட்டதாம். இவ்வளவு கலோரி உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறதாம். செயலியில் அந்த அளவு வந்ததும், போதும் என்று இவர் ஊட்டுவதை நிறுத்திவிடுகிறாராம். “ஏறவே மாட்டேங்குது சிஸ்டர். உங்க கிண்ணம் எவ்வளவு பெருசு?” என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அத்தனை பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எண்ணைத் திருத்தினால் அக்காவின் போனிலும் அது மாறும். அத்தனை நாள் கூட்டலும் சரிந்துவிடும். அவள் அசடு அல்ல, பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். மருத்துவச் சோதனைக்கு இன்னும் நாள் இருந்தது, விழித்துக்கொண்டால் ஏற்றிவிடுவாள். அதனால் நான் அவசரப்படாமல் யோசித்து எழுதினேன்: “சாதாரணக் கிண்ணம்தான் சிஸ்டர்.” அவர் கும்பிடும் கைகளும் ஒரு பூவும் அனுப்பினார்.

அந்த அம்மாவுக்கு மட்டும் தனியாக உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அறிமுகமில்லாதவர்களோடு பேசுவது எனக்கு எவ்வளவு சிரமம் என்று முதலிலேயே சொன்னேனே.

இன்னொரு தடவையும் எழுதினார். டாக்டர் செயலியில் இருந்த கணக்கை வாங்கிப் பார்த்தாராம். சாப்பாடு போதுமான அளவு போகிறது, அப்படியானால் கோளாறு குடலில்தான், திறந்து பார்க்க வேண்டும் என்கிறாராம். “உங்க கணக்கு சரிதானே சிஸ்டர்? அதை நம்பித்தான் முடிவெடுக்கப் போறாங்க.” அன்றைக்கு எங்கள் கூடத்தில் வேலை குவிந்து கிடந்தது. நான் பதில் எழுதவில்லை. அவர் கேள்விக்குப் பக்கத்தில் இருந்த ‘சரி’யை மட்டும் அமுக்கினேன்.

கோடை முடிந்ததும் அக்கா சோதனைக்குப் போய்விட்டு வந்தாள். பூட்ஸைத் துடைத்துப் பரண்மேல் போட்டாள். இப்போது பக்கத்துத் தெருவிலேயே கூரியர் அலுவலகத்தில் இருக்கிறாள். நல்ல வேலைதான். உயிருக்கு ஆபத்தில்லாத வேலை. தீக்குள் ஓடுகிற பிழைப்பை விட்டாளே என்று அம்மாவுக்குக்கூட உள்ளூர நிம்மதி. அக்கா செயலியை அழித்த அன்றே நான் அந்த எண்ணைச் சரியாக்கிவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாமல் நானாகவே செய்தது.

அதற்கு முந்தின வாரமே பையனைத் திறந்து பார்த்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். குடலில் ஒரு கோளாறும் இல்லை என்றீர்கள். அவ்வளவு மெலிந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்கவில்லை என்றீர்கள். அந்த அம்மா செயலிக்காரர்களிடம் போய் நின்றதும், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். அதில் என் பெயர் இருந்தது. இருக்கத்தான் செய்யும், மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லையே.

ஆமாம், எண்ணை மாற்றியது நான். அக்கா என்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் மாற்றினேன். பையன் அதை நம்பிப் பட்டினி கிடக்கிறான் என்று தெரிந்த பிறகும் அப்படியே விட்டேன், கேட்டபோது சரி என்றும் சொன்னேன். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

இது அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததா? முயல் படம் போட்டிருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கலாமா? நன்றி. இதில் எத்தனை ஸ்பூன் பிடிக்கும் என்று யாராவது அளந்து பார்த்தீர்களா மேடம்? நீங்களே பாருங்கள். தப்பு எங்கே நடந்திருக்கிறது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. கிண்ணம் ரொம்பச் சின்னது.