கை வெளிய, போடு

அவ வேணும்னே செஞ்சான்னு மட்டும் கேஸ் எழுதிடாதீங்க மேடம். இருபத்தோரு வயசுப் பொண்ணு. பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறி நிப்பா. அவ போய் ஒரு ஆம்பளையோட ரெண்டு கையையும் திட்டம் போட்டு நசுக்கினாளாம். நான் யாரா? அவ பெரியம்மா. அவங்க அம்மா என் கூடப்பொறந்த தங்கச்சி. என்னைக் கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க.

டீ வேணாங்க. குடிச்சா படபடப்பு அதிகமாகும். ஏற்கெனவே மாத்திரை போடாம வந்துட்டேன். அது வேற பயமா இருக்கு.

அந்த மிஷினைப் பாத்தீங்களா? போட்டோவுலயா. போட்டோவுல ஒண்ணும் புரியாதே. எங்களுது பழைய துணி பிரிக்கற கம்பெனி. லாரி லாரியா வரும். சட்டை தனி, பேண்ட் தனி, கிழிசல் தனின்னு பிரிச்சு ஒரு பெரிய இரும்புப் பொட்டிக்குள்ள தள்ளுவோம். மேலேருந்து ஒரு தட்டு எறங்கி அமுக்கும். கட்டில் அகலத்துக்கு இருக்கும் தட்டு. அமுக்கி எடுத்தா மூட்டை கல்லு மாதிரி ஆயிடும். தட்டு எறங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆள் முன்பக்கம் குனிஞ்சு, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ள விட்டு, கட்டுற பட்டையைக் கோக்கணும். பிளாஸ்டிக் பட்டை, ரெண்டு விரல் அகலம். பட்டன் இருக்கறது பின்பக்கம். நடுவுல ஆள் உசரத்துக்குத் துணி. கோக்கறவங்களை பட்டன்ல நிக்கறவங்களுக்குத் தெரியாது.

அதுக்குத்தான் நான். பக்கத்துல ஒரு ஸ்டூல் மேல நிப்பேன். கை முழுசா வெளிய வந்துடுச்சான்னு பாத்துட்டு, கை வெளிய, போடுன்னு குரல் குடுப்பேன். பத்தொம்போது வருஷமா அதே வேலை. அந்தக் குரல் கேட்டா பட்டனை அமுக்கணும். எட்டிப் பாக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. அப்படித்தான் எல்லாரையும் பழக்கி வச்சிருக்கோம்.

அதான் மேடம் நான் சொல்ல வர்றது. பெரியம்மா குரல் கேட்டுச்சு, அமுக்கினேன்னு அவ சொல்றா. அங்க இருந்தவங்க எல்லாம் அக்கா அன்னிக்கு வாயே தெறக்கலைன்னு சொல்றாங்க. அதனால அவ பொய் சொல்றான்னு நீங்க முடிவு கட்டிட்டீங்க. அவங்க சொல்றதும் நெஜம், அவ சொல்றதும் நெஜம். குரல் ஸ்பீக்கர்ல வந்துச்சு.

ரேடியோ இல்ல. நாங்கதான் ரேடியோன்னு சொல்வோம். ஆபீஸ்ல அதுக்குப் பேரு பாட்காஸ்ட். வேலை செய்யறவங்களோட கம்பெனி பேசணுமாம். புதன்கிழமைக்கு ஒண்ணு, மூணு நிமிஷம். கையை நிறுத்தாம கேக்கணும். காது சும்மாதானே இருக்குன்னு முதலாளி சொன்னாராம். அதுக்குன்னு ஒரு சின்னப் பொண்ணை வேலைக்கு எடுத்தாங்க. நல்ல பொண்ணு, அவ மேல ஒண்ணும் போட்டுடாதீங்க. எல்லாருக்கும் பழகின குரலா வேணும்னு என்னைப் புடிச்சுட்டா. அஞ்சாவதோட நின்னவம்மா நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்னு அழாத குறையா சொன்னேன். விடலை. ஒரு தடவைக்கு ஒரே விஷயம், ஒரு மூச்சுல முடியற வாக்கியம், பேசற மாதிரியே எழுதணும், மைக்கு வாய்லேருந்து ஒரு சாண். எல்லாம் சொல்லிக் குடுத்தா. மூட்டை அடுக்கி வச்ச ரூம்லதான் ரெக்கார்டிங். சுத்தித் துணி இருந்தா எதிரொலி வராதாம். தப்பாப் படிச்சா உடனே ஒரு கைதட்டு தட்டணும். கம்ப்யூட்டர்ல அந்த எடம் மட்டும் உசரமாத் தெரியும், வெட்டி எடுத்துடலாம்னு சொன்னா.

முதல் புதன்கிழமைக்கு என்ன விஷயம்னு நெனைக்கிறீங்க? என் தங்கச்சி கை.

அவளும் அங்கதான் வேலை பாத்தா. போன வருஷம், லாரி நிக்குதுன்னு அவசரம். சூப்பர்வைசர் வந்து பட்டன்ல இருந்தவனைத் தள்ளிட்டு, நான் குரல் குடுக்கறதுக்குள்ள அவரே அமுக்கிட்டாரு. அவ வலது கை உள்ள இருந்துச்சு. நான் கயிறை இழுத்தேன். தலைக்கு மேல ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், இழுத்தா தட்டு நின்னுடும். இழுத்தேன், நின்னுச்சு. ஆனாலும் நாலு விரல் போச்சு. கட்டைவிரல் மட்டும் மிச்சம். தட்டைத் தூக்கினப்ப அவ கத்தலை மேடம். யாரோட வெரலையோ பாக்கற மாதிரி பாத்துட்டு நின்னா.

அந்த ஆளை நாங்க பட்டையன்னுதான் கூப்பிடுவோம், முதுகுக்குப் பின்னாடி. கையில எப்பவும் ஒரு முழம் கட்டுற பட்டை வச்சிருப்பாரு. லேட்டா வந்தா ஒண்ணு, பேசினா ஒண்ணு, சிரிச்சா ரெண்டு. எங்க முழங்காலுக்குப் பின்னாடியே விழும். பாக்கறீங்களா? வேணாம்னா விடுங்க.

அந்த முதல் புரோகிராமுக்கு அவரே எழுதிக் குடுத்தாரு. ஊழியர் கவனக்குறைவால் விபத்து, அழைப்புக்கு முன்பே கையை நீட்டினார், நாம் அனைவரும் பாடம் கற்போம். நான் படிக்க மாட்டேன்னேன். அந்தப் பொண்ணை டீ வாங்க அனுப்பிட்டு, மைக்கை ஆன் பண்ணி வச்சுட்டு, எனக்குப் பின்னாடி நின்னாரு. நின்னான். இனி மரியாதை எதுக்கு. திக்கினா முதுகுல ஒரு அடி. நிறுத்தினா ஒரு அடி. ரூம் பூரா துணி, வெளிய ஒரு சத்தம் போகலை. அந்தப் பொண்ணு திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, அக்கா ஏழு எடத்துல அழகா கைதட்டி வச்சிருக்கீங்க, வெட்டறது சுலபமாப் போச்சுன்னா. கைதட்டலா அது.

படிச்சுட்டேன் மேடம். அதான் முக்கியம். என் குரல்ல படிச்சேன். எல்லாரோட போனுக்கும் போச்சு, என் தங்கச்சி போனுக்கும் போச்சு. மறுநாள் வீட்டுக்கு வந்தா. முடி கொத்தாப் புடிச்சு என் தலையை செவுத்துல மோதினா. இடது கையாலதான். அந்தக் கையில அவ்வளவு பலம் இருந்துச்சு. நான் தடுக்கலை. மூணாவது தடவைக்கு அவ மகதான் வந்து இழுத்துட்டுப் போனா. இன்னி வரைக்கும் என் மூஞ்சில முழிக்கலை. அந்த மகதான் அம்மா எடத்துக்கு வேலைக்கு வந்தது. பெரியம்மான்னு கூப்பிடறதை மட்டும் அவ விடலை.

போன புதன்கிழமைதானே, அதுக்குத்தான் வர்றேன். அந்த வாரத்து விஷயம் பாதுகாப்பு. அந்தப் பொண்ணு ரெண்டு நாளா யோசிச்சும் எழுத வரலைன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டா. நம்ம குரலையே முதல்ல வச்சுடலாமே கண்ணு, கை வெளிய போடுன்னு ஆரம்பிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னேன். சூப்பர் அக்கான்னு கட்டிப் புடிச்சுக்கிட்டா. எப்பவும் முன்னாடி கொஞ்ச நேரம் ஒரு மியூசிக் ஓடும். அது வேணாம்னு சொன்னதும் நான்தான். மியூசிக் கேட்டா புரோகிராம்னு தெரிஞ்சு காதை மூடிக்குவாங்க, நேரா குரல் வரட்டும்னேன். ஒரே தடவையில ரெக்கார்டிங் முடிஞ்சுது. ஒரு எடத்துல கூட வெட்டலை.

அந்தப் பட்டையன் தினமும் முதல் மூட்டைக்கு மட்டும் அவனே கோப்பான். பொம்பளைங்க கட்டினா நெகிழுதாம், பாத்துக் கத்துக்கணுமாம். எல்லாரையும் நிக்க வச்சு, ரெண்டு கையையும் மிஷினுக்குள்ள விட்டு, பட்டையை ரெண்டு மணிக்கட்டுலயும் ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு, இழுத்து முறுக்கிக் காட்டுவான். சுத்தினதை அவுக்காம கையை எடுக்க முடியாது.

யாரு ஆன் பண்ணினதா? ஸ்பீக்கர் பொட்டி என் ஸ்டூலுக்குக் கீழதான் இருக்கு. மாடியிலேருந்து எறங்கி வரச் சோம்பலா இருக்கு, நீங்களே போட்டுடுங்க அக்கான்னு அந்தப் பொண்ணு என்கிட்ட விட்டுட்டா. கால் கட்டைவிரலால அமுக்கினாப் போதும்.

எழுதுங்க, எழுதுங்க. மெதுவா சொல்றேன்.

நேரா கத்தியிருக்கலாமேன்னா, அது முடியலை மேடம். இந்த வாயால பத்தொம்போது வருஷத்துல ஒரு தடவை கூட அந்த வார்த்தையைப் பொய்யா சொன்னதில்ல. சொல்லவும் வராது. ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள இருக்கற குரல் வேற. அது ஏற்கெனவே பொய் சொன்ன குரல்தானே.

பட்டையனோட மச்சினன்தான் எப்பவும் பட்டன்ல நிப்பான். தங்கச்சி கை போனப்ப தள்ளி விட்டதும் ஒரு வார்த்தை பேசாம நின்னான் பாருங்க, அவன்தான். அவன் மாட்டட்டும்னுதான் நெனச்சேன். அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சலாம். என் தங்கச்சி பொண்ணைக் கொண்டு போய் அங்க நிக்க வச்சிருக்காங்க. துணிக்குப் பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு என் ஸ்டூல்லேருந்து தெரியாது. எட்டிப் பாத்திருக்கணும். அது ஒண்ணுதான் நான் செஞ்ச தப்பு. அதை அப்படியே எழுதிக்கங்க.

கயிறா? தொங்கிட்டுதான் இருந்துச்சு. எட்டாமல்லாம் இல்ல. தட்டு எறங்க நாலு செகண்ட் ஆகும். பட்டையன் என்னைப் பாத்து அக்கான்னான். அத்தனை வருஷத்துல முதல் தடவையா அக்கான்னு கூப்பிட்டான். நான் கையைக் கட்டிக்கிட்டு, ஒண்ணு ரெண்டுன்னு நாலு வரைக்கும் எண்ணினேன்.