பதினெட்டு கார்டு

– முந்தானையை வாயிலேர்ந்து எடு, பெரியநாயகி. ஒரு நிமிஷம்தான்.

– எதுக்கு டாக்டரய்யா? நல்லா இருக்குதுன்னு கார்டுல எழுதிப் போட்டேனே.

– கார்டு போதாதாம். வியாழக்கிழமை மெட்ராஸ்ல பல் டாக்டருங்க கூட்டம். 'நீங்க கண்ணால பார்த்தீங்களா'ன்னு கேக்குறாங்க. தாடை எலும்புக்குள்ள உலோகத்தை இறக்கி அது மேல பல்லைக் கட்டினேன். அஞ்சு வருஷம் ஆச்சு. பத்தொன்பது பேருக்கும் ஆடாம நிக்குதுன்னா சும்மாவா?

– தறியில வேலை பாதியில நிக்குது. அப்பால வாங்களேன்.

– உன்னைப் பார்த்துட்டுத்தான் மத்தவங்களைப் பார்க்க பிள்ளையார்பாளையம் போகணும். திற.

– சரி. பாருங்க.

– பல் எங்கே?

– கோவிச்சுக்காதீங்க ஐயா. ரெண்டாம் வருஷமே ஆட ஆரம்பிச்சிருச்சு. சீழு வந்துக்கினே இருந்துது. நூலைக் கடிச்சா பட்டுல ரத்தம். மாம்பழக் கலர் சேலை ஒண்ணு, முந்தானையே கறையாப் பூடுச்சு. தாவீது அண்ணன்தான் பிடுங்கி உட்டாரு.

– எந்தத் தாவீது? என்கிட்ட பல்செட் செய்யுற தாவீதா?

– அவருதான். கழட்டி மாட்டுற பல்லு ஒண்ணும் செஞ்சு குடுத்தாரு. அச்சா நெஜப் பல்லு மாதிரியே இருக்கும். வேலை நேரத்துல எடுத்து வெச்சிடுவேன்.

– என்கிட்ட ஏன் சொல்லல? கார்டுல ஏன் பொய் எழுதின?

– கைராசிக்காரருன்னு ஊரே சொல்லுது. உங்க மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்லுவேன்? உங்க வூட்டு அம்மா தவறின பிறகு ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கினு கெடந்தீங்க. இந்தப் பல்லு வேலை வந்துதான் எழுந்து நடமாடினீங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னா சின்னப் புள்ளையாட்டம் சிரிக்கிறீங்க. அதைக் கெடுக்க மனசு வரல.

– நீ ஒருத்திதானே? மத்தவங்க?

– கங்கையம்மாவுக்கும் இல்ல. சின்னப்பையனுக்கும் இல்ல. கார்டு போட்ட பதினெட்டு பேரும் தாவீது அண்ணன் வூட்டுக்குப் போனவங்கதான் ஐயா. என்னா எழுதறதுன்னு பேசிக்கினுதான் எழுதினோம்.

– இதை நம்பி வர்ற மாசம் பதினோரு பேருக்கு நாள் குறிச்சிருக்கேன். மெட்ராஸ்ல ஒத்துக்கிட்டா ஊர் ஊராப் போட ஆரம்பிப்பாங்க. எத்தனை பேர் தாடை கெட்டுப்போகும், புரியுதா உனக்கு?

– ஐயோ, அது எங்களுக்குத் தோணவே இல்ல ஐயா. உங்க மனசு நோவக் கூடாதுன்னு மட்டும்தான் பாத்தோம். தப்புதான்.

– அந்தப் பதினோரு பேரையும் வர வேணாம்னு சொல்லிடுறேன். மெட்ராஸ்லயும் மறைக்க மாட்டேன். பதினெட்டும் போச்சுன்னு எழுந்து நின்னு சொல்லுவேன்.

– உங்களைக் கேலி பண்ண மாட்டாங்களா?

– பண்ணட்டும். ஆனா ஒண்ணு நின்னுச்சே, அதையும் சொல்லணும்ல? முதல்ல போட்டது என் பொண்ணு அலமுவுக்குத்தான். தினம் என் எதிர்ல உக்காந்து சாப்பிடுறா. வலிக்குதாம்மான்னு கேட்டா இல்லப்பாங்கிறா. ஒண்ணு ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சா, பதினெட்டு ஏன் போச்சுன்னும் தெரியும். அது ஒண்ணு போதும் எனக்கு... ஏன் தலையைக் குனிஞ்சுக்கிற?

– ஐயா... மொதல்ல தாவீது அண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வந்து எங்களுக்கு வழி காட்டினதே அலமுதான்.