ஒரே கோர்தான் ஓடும் என்று சொன்னேன்

குறைந்த பணத்தில் வீட்டிலேயே கேம் சர்வர் வைக்க நினைப்பவர்கள் கோர்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கல்லும் மரமும் வெட்டி ஊர் கட்டுகிற எங்கள் விளையாட்டில் முக்கியமான வேலை முழுவதையும் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸருக்குள், கோர் என்னும் பல வேலையாட்களில் ஒரே ஒரு கோர்தான் இழுக்கிறது. மற்றவை கைகட்டி வேடிக்கை பார்க்கின்றன. அந்த ஒன்று வேகமாக இருந்தால் போதும். இதைத்தான் நான் சொன்னேன். ஒரு தடவை அல்ல, நாலாயிரம் தடவை.

முப்பத்தெட்டு வருடம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நான் கைவைத்துக் குளிராத பெட்டி இந்தப் பூமியில் கிடையாது. துருவத்தில் பனி உருகுகிறது என்று முறையாகக் கூப்பிட்டிருந்தால், ஒரு மதியத்தில் போய்ச் சரிசெய்துவிட்டு வந்திருப்பேன்.

விளையாடியவர்கள் நாலே பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பியான என் மச்சான், கடல் கடந்து வசிக்கும் மச்சானின் மகள். எங்கள் விளையாட்டு உலகத்தைத் தாங்கும் கம்ப்யூட்டரான சர்வர் மச்சான் வீட்டுச் சாப்பாட்டு அறை மூலையில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் இருமி இருமி ஓடியதால் புது ப்ராசஸர் வாங்க முடிவானது. நான் ஆறு கோர் உள்ள, வேகமான ஒன்றைக் காட்டினேன். மச்சான் அதே விலைக்கு ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய சர்வரிலிருந்து பிடுங்கிய பதினெட்டுக் கோர்ப் பூதத்தைக் கண்டுபிடித்தான்.

"நாம நாலு பேரு அத்தான். ஆளுக்கு நாலு கோர். மிச்சம் ரெண்டு ஆடு மாட்டுக்கு" என்றான்.

பந்தியில் இலை போடுகிற மாதிரி கோரைப் பங்கிடுகிறான். நான் பொறுமையாக விளக்கினேன். பலகையில் வரைந்து காட்டினேன். என் மனைவி பலகையைப் பார்க்கவே இல்லை.

"தம்பி சொல்றது கணக்குக்குச் சரியாத்தானே வருது? ஃப்ரிட்ஜ் பார்த்தவருக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்றாள்.

மச்சானின் மகள் விளையாட்டுக்குள்ளேயே என் வீட்டு வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டுவைத்தாள். 'மாமா, இது ஃப்ரிட்ஜ் இல்ல.' மூவரும் சிரித்தார்கள். மூன்றுக்கு ஒன்று என்று பூதம் ஜெயித்தது. அந்தச் சிரிப்பு அடுத்த கண்டம் வரை கேட்டிருக்கும்.

பூதத்தை மாட்டிக்கொடுத்ததும் நான்தான். அதன் தலைமேல் சூடு வாங்கும் உலோகக் கட்டி உட்காரும். அந்தக் கட்டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரித்தேன். ஒழுங்காகவே மாட்டினேன். தொழிலில் எனக்குத் துரோகம் வராது.

பத்து நாள் ஓடியது. நன்றாக ஓடியது. நாலு பேருக்கு அந்த அரைகுறை வேகமே தாராளம் என்பதால்தான் ஓடியதே தவிர, மச்சானின் பங்கீடு சரி என்பதால் அல்ல. அது அவனுக்குப் புரியவில்லை. "பார்த்தீங்களா அத்தான், ஆளுக்கு நாலு!" என்று ஒவ்வொரு காலையும் போன் செய்தான். தப்பான கணக்குப் போட்டவனுக்கு விடை மட்டும் சரியாக வருகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பதினோராவது நாள் தூசி தட்டுகிறேன் என்று போனேன். அந்தப் பிளாஸ்டிக் தாளை என் கருவிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். மறுபடி இடையில் செருகி மாட்டினேன். சூடு வெளியேறாமல் விளையாட்டு திக்கும், தானாக அணையும் என்று எனக்குத் தெரியும். திக்கியது. அணைந்தது. "கோர் எத்தனைன்னு எண்ணிப் பாருடா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். மச்சான் என்ன செய்தான்? பக்கத்தில் ஒரு மேசை விசிறியை வைத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் மறுபடி போட்டுவிட்டான். தப்பை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் ஏன் அப்படிக் காவல் கிடந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். இவன் வாசலில் நின்று பேசக் கூடாததைப் பேசினான். நாலு வருடமாக இருவருக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அவளுடைய புது எண்கூட இவனிடம் இல்லை. என் மனைவிதான் இருவரையும் இந்த விளையாட்டுக்குள் தள்ளிவிட்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் அவன் வீட்டுக்கு எதிரே ஒரு சுவர் எழுப்பினாள். அடுத்த வாரம் அதில் ஒரு கதவு வைத்தாள். பிறகு பலகைகளில் எழுதிக்கொண்டார்கள். 'பாலத்துக்குக் கல் பத்தல.' 'இருக்கு, எடுத்துக்கோ.' அவ்வளவுதான் பேச்சு.

நான் தாள் செருகிய வாரத்தின் வெள்ளிக்கிழமை, விளையாட்டுக்குள் அவள் வீட்டு மாடியில் காலியாக ஒரு சின்ன அறை முளைத்திருந்தது. உள்ளே ஒரு பலகை. 'இது பிறக்கப்போற குழந்தைக்கு. ஆறு மாசம் ஆச்சு. அப்பா பார்க்க வருவீங்களா?'

மச்சான் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். செருப்பு மாற்றிப் போட்டிருந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அவ வருவா. அவ இருக்கும்போதே அந்தப் பலகைக்குப் பக்கத்துல எழுதணும். என்னக்கா எழுதறது?"

"வரேன்னு எழுதுடா. அதுக்கு என்ன யோசனை?"

அவன் அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினான். "நல்லவேளை அத்தான், பெரிய ப்ராசஸரா வாங்கினோம். இல்லைன்னா இந்தப் புது அறையெல்லாம் தாங்கியிருக்குமா?"

வீட்டில் ஒரு அறை கூடினால் ப்ராசஸர் மூச்சுத் திணறும் என்று நினைக்கிறான். அப்போதும் நான் குரலை உயர்த்தவில்லை.

சனிக்கிழமை அவன் காய்கறி வாங்கப் போன நேரத்தில், சரிபார்க்கிறேன் என்று அவன் வீட்டுக்குப் போனேன். அந்த உலகம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் பிரதி எடுப்பானா என்று நீங்களே யோசியுங்கள். பிறகு சர்வரில் இருந்ததை அழித்தேன். சர்வர் தானாக எடுத்துவைத்திருந்த பழைய பிரதிகளையும் அழித்தேன். பிளாஸ்டிக் தாளை உரித்து எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் துடைத்து மாட்டிவிட்டு வந்தேன்.

மச்சானிடம், சூட்டில் எழுதும்போது கோப்பு கெட்டுவிட்டது என்றேன். அவன் நம்பினான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் உள்ளே வந்தாள். வெறும் புல்வெளி. அவள் வீடு, பாலம், மாடி அறை எதுவும் இல்லை. அங்கே மச்சான் மட்டும் நின்று தட்டுத்தடுமாறி ஒரு பலகை செய்துகொண்டிருந்தான். முதலில் மரம் வெட்ட வேண்டும், பிறகு பலகை அறுக்க வேண்டும். அவன் எழுதி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

என் மனைவி போன் செய்து, "அவன் அழிக்கலம்மா, மெஷின்தான் கெட்டுப்போச்சு" என்றாள். மச்சானின் மகள் நம்பவில்லை. "மாமாகிட்ட குடுங்க அத்தை, அவர் பொய் சொல்ல மாட்டார்" என்றாள்.

போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"மாமா, அந்த உலகம், பழைய காப்பி, எல்லாம் ஒண்ணா தானா அழியுமா?"

தொழில்நுட்பக் கேள்வி. நேர்மையாகப் பதில் சொன்னேன்.

"தானா அழியாதும்மா."

அதன் பிறகு அவள் என் மனைவியின் போனையும் எடுப்பதில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. மச்சானுக்கு ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

நேற்று அவன் வந்தான். பாதியாக இளைத்திருந்தான். நான் மிகைப்படுத்தவில்லை, சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அக்காவின் முன்னால் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே சொன்னான்.

"நீங்க சொன்னதுதான் சரி அத்தான். அதை வாங்கியிருக்கக் கூடாது. உங்க பேச்சைக் கேட்டிருந்தா என் பொண்ணு எனக்கு இருந்திருப்பா."

பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டுவிட்டேன். கொடுக்கத்தான் நினைத்தேன்.

"ஏன் வாங்கியிருக்கக் கூடாது? காரணம் சொல்லு" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"அது ரொம்ப சூடாகுது அத்தான்."

கையை வெளியே எடுத்துக்கொண்டேன். வாங்கும்போது சூட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. ஒரே கோர்தான் ஓடும் என்பதுதான் காரணம். அதை இன்னும் நன்றாகப் படித்துக்கொண்டு அவன் வரட்டும். குழந்தை எங்கே போய்விடப்போகிறது.