ஏழு கருவி, பதினோரு குறை

– அம்மா, ஹால் டிவியில ஓடுறது எங்க கம்பெனி சாஃப்ட்வேர் இல்லையே. யார் மாத்தினது?

– நான்தான். வந்ததும் வராததுமா விசாரணையா? முதல்ல பையைக் கீழ வை.

– ரெண்டு வருஷம் பன்னெண்டு பேர் கண்ணு முழிச்சுச் செஞ்சதும்மா அது. போன தடவை நானே என் கையால போட்டுக் குடுத்துட்டுப் போனேன். படம், பாட்டு, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒண்ணுலயே இருக்கும், எந்த டிவியிலயும் எந்த போன்லயும் பார்க்கலாம்னு அப்பாகிட்ட எவ்வளவு பெருமையா சொன்னேன்.

– சொன்னே. மூணு வாரம் வச்சுப் பார்த்தேன். அப்புறம்தான் எடுத்தேன்.

– அப்படி என்ன குறை கண்ட?

– உள்ரூம் பழைய டிவியில படம் ஓடும், பேச்சு வராது. நெட் போச்சுன்னா, நம்ம பெட்டியில இருக்கிற நம்ம வீடியோவையே தராது. நீ யாருன்னு என்னையே கேக்குது. அப்பா ஹால்ல பாதி படம் பார்த்துட்டு உள்ளே போய்ப் படுத்தார்னா, அங்க மறுபடியும் முதல்லேர்ந்து. ஒரே படத்தோட முதல் அரைமணி நேரத்தை மனுஷன் நாலு தடவை பார்த்தாரு. அவரும் வாயைத் திறக்கலை, பிள்ளை செஞ்சதாச்சேன்னு.

– அதெல்லாம் நிறைய வீட்டுல வந்த குறைதான். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?

– போட்டா நீ ஓடி வந்து நம்ம வீட்டுக்கு மட்டும் சரி பண்ணிட்டுப் போவே. முப்பது வருஷமா பஸ் டிப்போவில டைம்கீப்பர்டா நான். மெக்கானிக் என் கூடப்பிறந்தவனா இருந்தாலும் அவன் காதுல போய்ச் சொல்ல மாட்டேன். குறைன்னா அது புத்தகத்துல ஏறணும்.

– சரி, இதை எப்படிப் பிடிச்ச?

– வேற கம்பெனிங்களோடது மூணைப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணு பார்க்க லட்சணமா இருந்தது, ஆனா நாம என்ன பார்க்கிறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லும். இன்னொண்ணு நம்ம பழைய கம்ப்யூட்டரை மூச்சு வாங்க வச்சுது. இதுக்கு அழகு பத்தாது. ஆனா ரெண்டு டிவி, மூணு போன், டேப்லெட், லேப்டாப், ஏழுலயும் ஓடுது.

– என் வீட்டுலயே என்னோடது ஓடலைன்னா ஆபீஸ்ல எப்படிம்மா தலைநிமிர்ந்து நடப்பேன்?

– பிள்ளைங்கிறதுக்காகக் கைதட்ட எனக்கு வராதுடா. நல்லா இருந்தா நானே போட்டுக்கிறேன்.

– அதுக்குத்தான் வந்தேன். புதுசு ஒண்ணு விட்டிருக்கோம். ஒரு ஆள் குறை எழுதி அனுப்பியிருந்தாரும்மா, பேர் போடாம. பதினோரு குறை. ஒவ்வொண்ணுக்கும் தேதி, நேரம், எந்தக் கருவி, அதுக்கு முன்னாடி எதை அமுக்கினாங்க, எத்தனாவது நிமிஷத்துல நின்னுச்சு, எல்லாம் வரிசையா. ஒரு வார்த்தை கூடுதலா இல்லை.

– ம்.

– எங்க மேனேஜர் மீட்டிங்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாரு. பெரிய இன்ஜினியராத்தான் இருக்கணும், தேடிப் பிடிங்கன்னாரு. அதைப் பிரின்ட் எடுத்து என் டேபிளுக்கு எதிர்ல ஒட்டி வச்சிருக்கேன். தினமும் அந்த முகத்துலதான் முழிக்கிறேன்னு வச்சுக்கயேன்.

– அவ்வளவு மதிப்பா அந்த ஆள் மேல?

– பின்ன? இத்தனை வருஷத்துல எங்க வேலையை அவ்வளவு அக்கறையா யாரும் பார்த்ததில்லைம்மா. நேர்ல பார்த்தா ரெண்டு கையையும் பிடிச்சுக்குவேன். அவர் எழுதின பதினொன்னையும் ஒண்ணு விடாம சரி பண்ணிட்டோம்.

– பத்துதான்டா. புதுசை நேத்து சாயங்காலமே போட்டுப் பார்த்துட்டேன். அந்த ஏழாவது, அப்பா பாதியில நிறுத்துற குறை, அப்படியே இருக்கு, மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கேன்.